ஏழாவது விசில்

இப்போது கேட்டது மூன்றாவது விசிலா, நான்காவதா என்று தையல்நாயகிக்குத் தெரியவில்லை. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு காலை மடித்து மறு காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் பரப்பிய கொத்தவரங்காய்க்குக் காம்பும் வாலும் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொத்தவரங்காய்க்கு விரல் போதும், மூளை வேண்டாம். அதனால் மூளை அதன்பாட்டுக்கு எழுந்து எங்கேயாவது போய்விடுகிறது. இரண்டாவது விசில் வந்தபோது ‘ரெண்டு’ என்று வாய்விட்டே சொன்னாள், அது நிச்சயம். பிறகு ஒன்று வந்தது. வந்ததா, அல்லது வரப்போகிறது என்று காதைக் கொடுத்துக் காத்திருந்ததே வந்த மாதிரி ஆகிவிட்டதா? கொண்டைக்கடலைக்கு ஏழு விசில் விட வேண்டும். ஆறில் அணைத்தால் நடுவில் ஒரு விறைப்பு நிற்கும். மகள் ஆதிரை ஒரு கடி கடித்துவிட்டு, “அம்மா, இது வேகல” என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள். எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவள் நாக்கு நீதிபதி மாதிரி ஆகிவிட்டது. எட்டு விசில் விட்டாலோ தோல் கழன்று தனியே மிதக்கும். ஏழுதான். ஏழு என்று யார் சொல்லித் தந்தார்கள் என்று யோசித்தால் ஒருவரும் இல்லை, அந்தக் குக்கரும் அவளுமாகச் சேர்ந்து கண்டுபிடித்தது. அப்படியிருக்க மூன்றா, நான்கா? ஒரு காலத்தில் நூறு நூறாக எண்ணியவளுக்கு இன்றைக்கு நான்கு எண்ண வரவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பர்வீன் மேடத்திடம் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

பர்வீன் மேடத்துக்குப் பத்தரைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிகாரம் எதிர்ச் சுவரில்தான் இருக்கிறது, தலையைத் தூக்கினால் தெரியும், அவள் தூக்கவில்லை. நேற்று மத்தியானம் போனை எடுத்து “யாரு?” என்றபோது, “குரல் மாறவேயில்ல நாயகி, அப்படியே இருக்கே” என்றார். உறையூரிலேயே, நான்கு தெரு தள்ளி இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. தையல்நாயகி அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அப்போது பர்வீன் மேடம் பக்கத்து நாற்காலி, இப்போது அவர்தான் பொறுப்பு. “திங்கட்கிழமைலேர்ந்து ஒரு ஆள் வேணும். உன்னைத்தான் நெனச்சேன். நாளைக்குப் பத்தரைக்குள்ள சொல்லிடு, டாக்டர் வந்ததும் கேப்பார். நீ வரலேன்னா இன்னொரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு.” “எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு மேடம், ஒன்பது வருஷம் ஆச்சு.” “இப்ப மெஷினே எண்ணிடுது. மெஷினுக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா அந்த சிலைடை நம்மகிட்ட தள்ளிடும். அதை மட்டும் நாம கண்ணால பாக்கணும். சந்தேகம் தீக்கறதுக்குத்தான் ஆள் வேணும் நாயகி.” சந்தேகம் தீர்க்க ஆள் வேண்டுமாம்! காலையில் உப்புப் போட்டோமா இல்லையா என்று குழம்பை இரண்டு தடவை ருசி பார்த்த கையைக் கூப்பிடுகிறார்கள் சந்தேகம் தீர்க்க. அவள் ஒரு கொத்தவரங்காயை ஒடித்தாள். முற்றல். நார் விட்டது. தூரப் போட்டாள், பிறகு அதையே எடுத்து, பாதியாவது தேறுமா என்று பார்த்தாள்.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், அதை இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கை நடுங்கினால் படலம் தடித்துவிடும். காய்ந்த பிறகு சாயம் விட்டு, கழுவி, நுண்ணோக்கியில் வைத்து, எண்ணெய் ஒரு துளி. முதலில் எல்லாம் ஊதாப் புகையாகத் தெரியும். சின்னத் திருகை நூல் பிரமாணம் திருப்பினால் புகைக்குள்ளிருந்து வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இது நியூட்ரோபில், உள்ளே மூன்று நான்கு முடிச்சு. இது லிம்போசைட், உருண்டைக் கரு, சுற்றிலும் மெல்லிய ஓரம். கண் மேலே இருக்க, கை கீழே எண்ணும் கருவியின் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டை. டக், டக், டக். எல்லாம் சேர்ந்து நூறு ஆனதும் கருவி தானே மணி அடிக்கும். என்ன நல்ல ஏற்பாடு அது! போதும், நிறுத்து, அடுத்ததை எடு என்று ஒன்று சொல்கிறதே. வீட்டில் எதற்கு மணி அடிக்கிறது? பாத்திரம் துலக்கி முடித்தால் ஒரு டம்ளர் வந்து விழுகிறது. துணி மடித்து முடித்தால் கொடியில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. இந்தக் குக்கர் ஒன்றுதான் ஏதோ குரல் கொடுக்கிறது, அதையும் நாம்தான் எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணினாளா? அவள் கையை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். விசிறி கரகரத்தது. கீழே தெருவில் பழைய இரும்புக்காரர் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தார். உஸ்ஸென்று ஏதோ ஒரு சத்தம் சமையலறைப் பக்கம் இருந்துகொண்டே இருந்தது, அது குழாயா, விசிறியா, காதுக்குள்ளேயே இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பிறகு வந்தது விசில், நீளமாக, இழுத்து. ‘நாலு’ என்றாள். உடனே, ஒருவேளை ஐந்தோ என்று தோன்றியது.

நேற்றுச் சாயங்காலம் கதிரேசன் ரயில்வே பணிமனையிலிருந்து வந்து கைகால் கழுவிக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். “பர்வீன் மேடம் போன் பண்ணினாங்க. மறுபடி வேலைக்கு வர்றியான்னு கேக்குறாங்க.” கணவர் டம்ளரை இறக்காமல் “ம்” என்றார். “என்ன சொல்லட்டும்?” “உன் இஷ்டம்.” “உங்களுக்கு எப்படித் தோணுது?” “எனக்கென்ன? போகணும்னா போ, வேணாம்னா விடு. நான் எதுக்காவது குறுக்க நின்னிருக்கேனா?” நிற்கவில்லை, உண்மை. “காலைல டிபன், உங்களுக்குச் சாப்பாடு கட்டறது எல்லாம்?” “அதெல்லாம் பாத்துக்கலாம்.” யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் அவர் செய்திச் சானலின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். கோபமாகக் கூட்டவில்லை, சாதாரணமாகத்தான் கூட்டினார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லும்போது தன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருக்கும். ஆதிரையிடம் கேட்டாள். “உன் இஷ்டம்மா. ஆனா நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போது நீ இருப்பேல்ல?” இன்று காலையில் மாயவரத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். கடலையைக் குக்கரில் போட்டு மூடிய நேரம், ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, குக்கர் வெயிட்டின் ஓட்டையில் அடைத்திருந்த கஞ்சியை ஊசியால் குத்திக்கொண்டே பேசினாள். “மாப்பிள்ளை என்னடி சொல்றார்?” “என் இஷ்டம்னு சொல்லிட்டார்மா.” “இப்படிச் சொல்ற மனுஷன் கிடைக்க நீ குடுத்துவச்சிருக்கணும். அப்புறம் என்ன, உன் இஷ்டம்தான்.” எல்லோரும் ஆளுக்கொரு தரம் அவளுடைய இஷ்டத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கையை விரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இருந்திருக்கலாம். எங்கேயோ வைத்திருப்பாள். மூக்குத்தித் திருகாணி மாதிரி, இங்கேதான் வைத்தோம் என்று தேடத் தேட இடமே மறந்துபோகிற மாதிரி.

வேலையை விட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் எப்போது விட்டாள்? ஆதிரைக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது. வேப்பிலை கட்டில் முழுக்க, வீட்டில் தாளிப்பு இல்லை, இளநீரும் மோரும் மட்டும். பத்து நாள் லீவு கேட்டாள், கொடுத்தார்கள். தலைக்குத் தண்ணீர் விட்டதும் திங்கட்கிழமை போய்விடலாம் என்று இருந்தாள். குழந்தை மெலிந்திருக்கிறதே, இன்னும் ஒரு வாரம் என்றாள். யாரும் சொல்லவில்லை, அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு நாத்தனார் மகளுக்குக் காது குத்து. பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அப்புறம் ஒருநாள், எதற்கோ பஜாருக்குப் போனவள், அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தாள். வேலை நின்றது அன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றும். யாரும் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை, அடுப்பில் வைத்த பால் திரிந்த மாதிரி அது தானாக ஆகிவிட்டது. இப்போது திரும்பிப் போனால் மட்டும்? ஒரு வாரம் போவாள். ஆதிரைக்கு ஒரு காய்ச்சல் வரும். அல்லது ஒன்றுமே வராது, எல்லாம் ஒழுங்காக நடக்கும், அவள் இல்லாமலே குழம்பு கொதிக்கும், துணி காயும். அது காய்ச்சலைவிடப் பெரிய பயம். அதைவிட இன்னொன்று: நுண்ணோக்கியில் குனிந்து பார்த்து, புகை புகையாகவே இருந்து, பர்வீன் மேடம் தோளுக்குப் பின்னால் நின்று, “என்ன நாயகி, தெரியலையா?” என்று மெதுவாகக் கேட்டால்? அந்த மெதுவைத் தாங்க முடியாது. விசில் வந்தது. இதை என்ன என்று சொல்வது? ஐந்தென்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்வதா! ரத்தத்தில் யாராவது வைத்துக்கொள்வார்களா?

அப்புறம் சகாயமேரி. அவளுக்கு இன்னும் தெரியாது. எதிர் வீட்டுக்காரி. இந்த மூன்றாம் மாடியில் இரண்டே வீடு, இரண்டு வீட்டுச் சமையலறையும் முதுகுக்கு முதுகு, நடுவில் குழாய்கள் இறங்குகிற ஒரு குறுகலான காற்றுச் சந்து. அவள் மிளகாய் வறுத்தால் இவள் தும்முவாள். “அக்கா, தேங்காய் இருக்கா?” என்று அவள் ஜன்னலைப் பார்த்துக் கேட்டால் இவள் வாசல் கதவைத் திறந்து கொடுப்பாள். துவாக்குடியில் ஒரு ஓடு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், புருஷன் கப்பலில், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் ஜோவிட்டா. காலையில் அந்த வீடு ஓடுவதைப் பார்த்தால், பார்க்கிறவருக்கே மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நைட்டியோடு வந்து இந்த வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, “உங்களுக்கென்னக்கா, தெனமும் ஞாயித்துக்கிழமை” என்பாள். “உனக்கென்னடி, தெனமும் வெளியூர்” என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள். சிரித்த பிறகு ஒரு சின்ன இடைவெளி விழும், அதில் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டம். ஜோவிட்டாவின் ஒரு ஷூவைக் காணோம் என்று ஒரு பாடு அழுகை, வேன் ஹாரன், அப்புறம் சகாயமேரியின் கதவு படாரென்று சாத்துகிற சத்தம், பூட்டுகிற சத்தம். “அக்கா, வர்றேன்! மூணரைக்கு வேன் வரும்!” பதிலுக்குக் காத்திராமல் தடதடவென்று படி. மூன்றரைக்கு வேன் வந்தால் கீழே போய் ஜோவிட்டாவைக் கூட்டி வருவது தையல்நாயகி. அந்த வீட்டு இன்னொரு சாவி, பிளாஸ்டிக் கிளி தொங்குகிற சாவி, சாமி அலமாரிப் பக்கத்து ஆணியில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்தால், கூரியர் வந்தால், தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரர் வந்தால், “அக்கா இருக்காங்க” என்று சகாயமேரி கம்பெனியிலிருந்தே சொல்லிவிடுவாள். ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வீட்ல இருக்கற தைரியத்துலதான் நான் வேலைக்கே போறேன்” என்றாள். அன்றைக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இன்று அது ஒரு ஈரத்துணி மாதிரி தோளில் கிடக்கிறது. இவள் போனால் அவள் போவது எப்படி? அவள் போவதற்காக இவள் இருப்பதா? இவள் இருப்பதை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அவள் ஒருத்திதான் தைரியம் என்று ஒரு பெயராவது வைத்தாள். ஒரு விசில். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆறு. ஏழு. ஏழாகத்தான் இருக்க வேண்டும், எட்டாகவும் இருக்கலாம், போகட்டும்.

தையல்நாயகி முறத்தைத் தள்ளிவிட்டு, மரத்துப்போன காலை ஒரு குத்துக் குத்திவிட்டு எழுந்தாள். சமையலறைக்குள் போகக்கூட இல்லை, நிலையில் நின்றபடியே கையை நீட்டி அடுப்பின் குமிழைத் திருப்பினாள். உள்ளே எங்கும் ஆவியாக இருந்தது, இப்போதுதானே விசில் விட்டது என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு காயைக் கிள்ளினாள். அணைத்தாயிற்று. இனிமேல் கடிகாரத்தைப் பார்க்கலாம். பார்த்தாள். பத்து அடிக்கப்போகிறது. முடியாது மேடம் என்று சொல்லிவிடலாம், அது ஒரு நிமிஷ வேலை. சொன்ன பிறகு இந்த முறம் இருக்கும், இந்த விசிறி இருக்கும், நாளைக்கு அவரைக்காய் இருக்கும். வருகிறேன் மேடம் என்றும் சொல்லலாம், அதுவும் ஒரு நிமிஷம்தான். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. நான்கா ஐந்தா, ஏழா எட்டா என்று விட்டுவிட்ட ஒருத்தியை நம்பி எவனோ ஒருவன் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். முடியாது மேடம். அதுதான் நியாயம். போனை எடுக்கக் கையை ஊன்றினாள். அப்போது குக்கர் விசில் அடித்தது.

ஊன்றிய கை அப்படியே நின்றது. அணைத்த அடுப்பில் எப்படி விசில் வரும்? அணைத்தாளா? குமிழைத் திருப்பினது கைக்கு ஞாபகம் இருக்கிறது. கைக்கு ஞாபகம் இருந்தால் போதுமா, கை தினமும்தான் திருப்புகிறது, நேற்றைய ஞாபகமாக இருக்கலாம். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது, வயது நாற்பத்தொன்றுதான் ஆகிறது, பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்பார்கள், கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டவில்லை என்பாள். தையல்நாயகி சமையலறைக்குப் போனாள். இந்த முறை உள்ளே போனாள், விளக்கைப் போட்டாள். அடுப்பு அணைந்திருந்தது. குனிந்து பார்த்தாள், தீ இல்லை. குக்கர் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் ஒன்றும் இல்லை. மூடியின் நடுவே வெறும் குழாய் மட்டும், அதிலிருந்து கடைசி ஆவி நூலாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில், ஊசிக்குப் பக்கத்தில், வெயிட் இருந்தது. அம்மா பேசும்போது வைத்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். ஜில்லென்று இருந்தது. இது போடாத குக்கர் எப்படி விசில் விடும்? விடவில்லை. ஒன்றுகூட விடவில்லை. அப்படியானால் அவள் எண்ணியது? காற்றுச் சந்திலிருந்து, அவள் முகத்துக்கு நேராக, அடுத்த விசில் வந்தது. நீளமாக, இழுத்து, கடைசியில் ஒரு மாதிரி காய்ந்து போய். பருப்பு அடிப்பிடித்த வாசனை அதன் பின்னால் வந்தது. சகாயமேரி பூட்டிக்கொண்டு போன வீடு.

பிளாஸ்டிக் கிளியை ஆணியிலிருந்து எப்படி எடுத்தாள், செருப்புப் போடாமல் எப்படி நடந்தாள் என்பது பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சாவி முதலில் நுழையவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தாள். கதவு திறந்ததும் கூடத்தில் ஈரத்துண்டு, நாற்காலியில் பாதி தின்ற தோசை, தரையில் ஜோவிட்டாவின் காணாமல் போன ஷூ, நடுக்கூடத்திலேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. சமையலறையில் புகை. அடுப்பின் குமிழைத் திருப்பினாள். திருப்பிவிட்டுக் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள், குனிந்து தீ இல்லை என்று பார்த்தாள், நிமிர்ந்து மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவள் சமையலறை தெரிந்தது. விளக்கு எரிகிறது. அவளுடைய குக்கர், அவளுடைய உப்பு ஜாடி, ஆணியில் அவளுடைய கரித்துணி. இத்தனை வருஷத்தில் தன் சமையலறையை இங்கிருந்து அவள் பார்த்ததே இல்லை. யாரோ ஒருத்தி இப்போதுதான் அங்கிருந்து எழுந்து போன மாதிரி இருந்தது. நல்ல காது, என்று நினைத்தாள் சம்பந்தமில்லாமல். காது ஒன்றையும் தவறவிடவில்லை. வந்த விசிலெல்லாம் வந்ததுதான். அவளுடையது இல்லை, அவ்வளவுதான். இந்த நினைப்பில் ஏதோ இருந்தது, பிடிப்பதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அதை எப்போது செருகினாள்?

“அக்கா! நான் சகாயம். எங்க இருக்கீங்க?”

“வீட்லதான்” என்றாள் பழக்கத்தில். பிறகு சுற்றிப் பார்த்தாள். “உன் வீட்ல.”

“மாதாவே! அப்ப நெஜந்தானா? பஸ் திருவெறும்பூர் தாண்டினப்புறந்தான்க்கா நெனப்பே வருது. குக்கரை அணைச்சேனா இல்லியான்னு எவ்ளோ யோசிச்சாலும் தெரியல. எறங்கிடலாம்னு படியில நிக்கிறேன், கண்டக்டர் கன்னாபின்னான்னு திட்டுறார்.”

“உள்ள போய் நில்லு. அணைச்சாச்சு.”

“நானா?”

“நான்.”

போனில் பஸ் இரைந்தது. “பருப்பு?”

“கரி. குக்கர் சூடு ஆறட்டும், ஊறப்போட்டா ரெண்டு நாள்ல வெள்ளையாயிடும்.”

“குக்கர் கெடக்குதுக்கா சனியன். நீங்க மட்டும் இன்னிக்கு வீட்ல இல்லேன்னா…”

“திங்கட்கிழமைலேர்ந்து நான் வீட்ல இருக்க மாட்டேன், சகாயம்.”

யாரோ சொன்னார்கள். தையல்நாயகி திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், காற்றுச் சந்து வழியாக, எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. அங்கே ஒருவரும் இல்லை. அவள் உதடுதான் இன்னும் மூடாமல் இருந்தது.

“ஊருக்காக்கா? அம்மாவுக்கு முடியலையா?”

“வேலைக்கு.”

“யாரு?”

“நான்தான்.”

“அப்ப சாவி?” என்றாள் சகாயமேரி. உடனே, “ஜோவிட்டா?” என்றாள். பஸ் எங்கேயோ நின்றது, யாரோ இறங்கினார்கள், யாரோ சில்லறை கேட்டார்கள். அப்புறம் குரல் இறங்கி வந்தது. “அக்கா, என்னை செருப்பால அடிங்க. மொதல்ல அதையா கேப்பேன் நான்?”

“நானும் எங்கிட்ட மொதல்ல அதைத்தான்டி கேட்டேன்.”

“என்ன வேலைக்கா? எங்க?”

“இங்கதான், ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல. முன்னாடி இருந்த எடம்தான்.”

“முன்னாடியா? நீங்க வேலை பாத்தீங்களா? அஞ்சு வருஷமா எதுத்த வீட்ல இருக்கேன், சொன்னதேயில்லையே!”

“நீ கேட்டதேயில்லையே.”

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, அழுகிறாளா, பஸ் தூசியா என்று தெரியவில்லை. பிறகு, “சாயந்திரம் வர்றேன், உக்காந்து பேசுவோம். வேன்காரர்கிட்ட கேக்கணும், எங்க தங்கச்சிகிட்ட கேக்கணும், ஏதாவது வழி பண்ணணும், என்ன வழின்னு இப்பத் தெரியல” என்றாள். “எனக்கும் தெரியல” என்றாள் தையல்நாயகி. “ஆனா ஒண்ணுக்கா. தெனமும் ஞாயித்துக்கிழமைன்னு இனிமே நான் யாரைச் சொல்லுவேன்?” என்று கேட்டு, அவளே சிரித்து, டிக்கெட் என்று யாரோ கத்த, வைத்துவிட்டாள்.

தையல்நாயகி தோசைத் தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள். ஷூவை ஜோடி சேர்த்தாள். ஈரத்துண்டைக் கொடியில் போடப் போனவள், பாதியில் நின்று, அதை நாற்காலி முதுகிலேயே போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினாள். கிளி ஆணிக்குத் திரும்பியது. தன் சமையலறையில் குக்கரைத் திறந்து பார்த்தாள், கடலை பாதி வெந்து, தண்ணீர் வற்றி, முகம் சுளித்துக்கொண்டு கிடந்தது. ஒரு சொம்பு தண்ணீர் விட்டு மூடினாள். வெயிட்டை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது, சின்னதாக, தெளிவாக. போட்டாள், அழுத்திப் பார்த்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். காலை டிபன் யார் செய்வது? தெரியாது. ஆதிரை வரும்போது கதவு யார் திறப்பது? அவளுக்கும் ஒரு சாவி, அதற்கு ஒரு கிளி வாங்க வேண்டும். நுண்ணோக்கியில் புகை விலகுமா? அது திங்கட்கிழமைதான் தெரியும். கதிரேசன் ‘உன் இஷ்டம்’ என்றாரே, சரி, இதுதான் என்று சொன்னால் டம்ளரை இறக்கிவைப்பாரா? ஒன்றும் தெரியவில்லை. தெரியாத எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, அடுப்படியை விட்டு நகராமல் நின்று, வெயிட்டைச் சுற்றி ஆவி சீறத் தொடங்கியதும், அவள் போனில் அந்தப் பெயரைத் தேடித் தொட்டாள்.

“சொல்லு நாயகி” என்றார் பர்வீன் மேடம். “டாக்டர் கார் வந்திடுச்சு, படி ஏறிக்கிட்டிருக்கார். என்ன முடிவு?”

எதிர்ச் சமையலறை சத்தமில்லாமல் இருந்தது. தையல்நாயகி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் குக்கர் ஒரு சிலுப்பு சிலுப்பி, தலை ஆட, ஆவி தெறிக்க, காதைப் பிளக்கிற மாதிரி கூவியது.

“வர்றேன் மேடம்.”

“என்னம்மா அது அவ்ளோ சத்தம்? எங்க நிக்கிறே நீ?”

“எங்க வீட்டு குக்கர் மேடம்” என்றாள் தையல்நாயகி. “இப்பத்தான் ஒண்ணு.”